வட அமெரிக்க நகரங்களின் புதிய அடுக்குமாடிகளில் குடும்பத்துக்கேற்ற வீடு ஏன் அரிது?

இரண்டு பிள்ளைகளும் வயதான தாயாரும் உள்ள ஒரு தம்பதி டொரண்டோ நகர மையத்துக்கு அருகில் வீடு தேடுகிறார்கள். திரும்பிய பக்கமெல்லாம் புதிய மாடிக் கட்டடங்கள் எழுந்து நிற்க, அவற்றில் மூன்று படுக்கையறை வீடு மட்டும் ஏன் அகப்படுவதில்லை என்பது அவர்களுடைய கேள்வி. இது கட்டுநர்களின் பேராசையா, அல்லது இங்குள்ள குடும்பங்கள் மாடிவீட்டை விரும்புவதில்லை என்று சொல்லப்படுவது உண்மையா என்றும் கேட்கிறார்கள். இரண்டு விளக்கங்களிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இலாப நோக்கம் எல்லா நாட்டுக் கட்டுநர்களுக்கும் உண்டு. பிள்ளைகளோடு மாடியில் வாழும் குடும்பங்கள் பெர்லினிலும் வியன்னாவிலும் பார்சிலோனாவிலும் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. அங்கே வழக்கமாகக் கட்டப்படும் வீடு இங்கே ஏன் விதிவிலக்காகிவிட்டது என்பதற்கு இந்த இரண்டு விளக்கங்களும் போதாது. வட அமெரிக்காவில் ஒரு புதிய அடுக்குமாடியின் வடிவத்தைக் கட்டட விதிகளும் கடன் முறையும் சேர்ந்து முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன என்பதும், அந்த வடிவத்துக்குள் சிறிய வீடு எளிதாகவும் பெரிய வீடு மிகுந்த செலவோடும் பொருந்துகிறது என்பதுமே என் பதில்.

பற்றாக்குறையின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் அண்மை ஆண்டுகளில் கட்டி முடிக்கப்பட்ட அடுக்குமாடி வீடுகளில் மூன்றோ அதற்கு மேலோ படுக்கையறை உள்ளவை ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். ஏறக்குறைய பாதி, ஒற்றைப் படுக்கையறை வீடுகளும், தனிப் படுக்கையறையே இல்லாத ஓரறை வீடுகளான ஸ்டூடியோக்களும். டொரண்டோவில் 1980களில் கட்டப்பட்ட கொண்டோக்கள், அதாவது தனித்தனியாக விற்கப்படும் மாடிவீடுகள், பெரும்பாலும் 1,000 சதுர அடியை ஒட்டியோ தாண்டியோ இருந்தன. 2016க்குப் பின் வந்தவற்றின் நடுத்தர அளவு சுமார் 650 சதுர அடிக்கு இறங்கிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவின் மக்கள்தொகையில் 18 வயதுக்குட்பட்டோர் சுமார் 13 விழுக்காடுதான். அந்நாட்டின் பெருநகரங்களில் இதுவே மிகக் குறைந்த விகிதங்களுள் ஒன்று. அந்த நகரத்தின் விலைவாசியும் இதற்குக் காரணம் என்றாலும், குடும்பம் தங்குவதற்கேற்ற மாடிவீடு இல்லாமையையும் அதிலிருந்து பிரிக்க முடியாது.

இந்த நகரங்கள் எப்போதுமே இப்படி இருந்தவை அல்ல. பாஸ்டனில் 1880 முதல் 1930 வரை ஆயிரக்கணக்கில் எழுந்த மூன்றடுக்கு மரவீடுகளில் தளத்துக்கு ஒரு குடும்பம் வாழ்ந்தது. ஒவ்வொரு தளத்திலும் முன்னும் பின்னும் சன்னல்கள், பெரும்பாலும் மூன்று படுக்கையறைகள். சிகாகோவின் இரண்டடுக்கு, மூன்றடுக்குச் செங்கல் வீடுகளும், மான்ட்ரியாலில் வெளிப்படிக்கட்டு வைத்துக் கட்டிய வரிசை வீடுகளும் இதே வகையைச் சேர்ந்தவை. டொரண்டோவிலேயே 1960களிலும் 70களிலும் எழுந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாடகைக் கோபுரங்களில் இரண்டு, மூன்று படுக்கையறை வீடுகள் தாராளமாக இருந்தன. இலங்கையிலிருந்து 1980களிலும் 90களிலும் அகதிகளாக வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, செயின்ட் ஜேம்ஸ் டவுனிலும் ஸ்கார்பரோவிலும் அத்தகைய கோபுரங்களில்தான் முதலில் கால் ஊன்றின. மணமாகாத இளைஞர்களையும் இளம் தம்பதிகளையும் மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட செயின்ட் ஜேம்ஸ் டவுன் பிற்பாடு பல மொழிக் குடும்பங்களின் ஊராக மாறியதை நினைத்துப் பார்த்தால், குடும்பங்களுக்கு மாடிவீடு பிடிக்காது என்ற வாதம் எவ்வளவு மெலிந்தது என்று தெரியும்.

இனி வடிவத்துக்கு வருகிறேன். இன்று கட்டப்படும் நடுத்தர உயரக் கட்டடம் ஒன்றின் தள வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நடுவில் நீண்ட நடைவழி ஒன்று ஓடும்; அதன் இரு புறமும் வீடுகள் இருக்கும்; இரு முனைகளுக்கு அருகில் முனைக்கொரு படிக்கட்டு இருக்கும். கட்டடத்தின் அகலம் சுமார் 20 மீட்டர். நடைவழியையும் சுவர்களையும் கழித்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்நோக்கி 9 மீட்டர் ஆழம் கிடைக்கும். வீட்டின் ஒரு பக்கம் நடைவழி, இரு பக்கம் அண்டை வீடுகள். சன்னல் வைக்க மிஞ்சுவது ஒரே ஒரு பக்கம். படுக்கையறைக்குச் சன்னல் வேண்டும் என்பதால் எல்லா அறைகளும் அந்த ஒரே வெளிச்சுவரை ஒட்டி வரிசையாக நிற்க வேண்டியிருக்கிறது.

இதைக் கணக்காகப் பார்த்தால்தான் விளங்கும். ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குக் கூடத்துக்கு மூன்றரை மீட்டர், படுக்கையறைக்கு மூன்று மீட்டர் என ஆறரை மீட்டர் வெளிச்சுவர் போதும். பரப்பு 60 சதுர மீட்டருக்குள் முடிந்துவிடும். சன்னலிலிருந்து தள்ளியுள்ள உட்பகுதியில் சமையலறையும் குளியலறையும் வாசலும் சரியாக அமர்ந்துவிடும். மூன்று படுக்கையறை வீட்டுக்கோ பன்னிரண்டரை மீட்டர் வெளிச்சுவர் வேண்டும். அதை ஒன்பது மீட்டர் ஆழத்தோடு பெருக்கினால் 112 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,200 சதுர அடி. அறைகள் பெரிதாகிவிட்டதால் வந்த பரப்பு அல்ல இது. வெளிச்சம் எட்டாத உட்பகுதி நீண்டுகொண்டே போவதால் வந்தது. அந்த இடம் அலமாரியாகவும் உள்நடையாகவும் வீணாகிறது, ஆனால் அதற்கும் சதுர அடிக் கணக்கில்தான் விலை.

இப்போது இதே மூன்று படுக்கையறைகளையும் கூடத்தையும், முன்பக்கமும் பின்பக்கமும் சன்னல் உள்ள 12 மீட்டர் ஆழமுள்ள கட்டடத்தில் வைத்துப் பாருங்கள். முன்னால் இரண்டு அறை, பின்னால் இரண்டு அறை, நடுவில் குளியலறையும் சேமிப்பிடமும் என்று அமைத்தால் ஏழு மீட்டர் அகலம் போதும். பரப்பு 84 சதுர மீட்டர், சுமார் 900 சதுர அடி. அறைகளின் எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் 300 சதுர அடி மிச்சம். டொரண்டோவின் மையப் பகுதியில் புதிய கொண்டோ சதுர அடிக்கு 1,000 டாலருக்கு மேல் விலை போகும் நிலையில், இந்த ஒரு வேறுபாடு மட்டுமே மூன்று இலட்சம் டாலருக்குச் சமம். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வசதியும், தெருவின் இரைச்சல் எட்டாத பின்புறப் படுக்கையறையும் கூடுதல் பயன்கள். ஐரோப்பிய நகரங்களில் வழக்கமான மாடிவீடு பெரும்பாலும் இந்த வகைதான்: ஒரு படிக்கட்டு, ஒரு லிஃப்ட், தளத்துக்கு இரண்டு முதல் நான்கு வீடுகள்.

நீண்ட நடைவழிக் கட்டடத்தில் பெரிய வீட்டுக்கு ஏற்ற இடம் மூலை மட்டும்தான். அங்கே இரண்டு வெளிச்சுவர்கள் கிடைக்கும். ஒரு கட்டடத்துக்கு மூலைகள் நான்கு. விற்பனை விளம்பரங்களில் மூன்று படுக்கையறை வீடுகள் எப்போதும் மூலை வீடுகளாகவே இருப்பதும், தளத்துக்கு இரண்டு மூன்றுக்கு மேல் இல்லாமல் இருப்பதும் இதனால்தான்.

அப்படியானால் நீண்ட நடைவழியை ஏன் விடாமல் கட்டுகிறார்கள்? ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு தனித்தனிப் படிக்கட்டுகளை எட்ட முடிய வேண்டும் என்று சட்டம் கேட்பதுதான் முதன்மைக் காரணம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிக் கட்டட விதித்தொகுப்பின்படி, ஒற்றைப் படிக்கட்டோடு கட்டத்தக்க குடியிருப்பு மூன்று தளங்களுக்கு மேல் போகக் கூடாது. தளத்துக்கு நான்கு வீடுகளுக்கு மேலும் இருக்கக் கூடாது. கனடாவின் தேசிய விதித்தொகுப்பு இன்னும் கடுமையானது: இரண்டு தளங்களுக்கு மேல் எழும் கட்டடத்துக்கு இரண்டு வெளியேறும் வழிகள் வேண்டும். 1941இல் அந்த விதித்தொகுப்பு முதன்முதலாக வெளிவந்த காலத்திலிருந்தே இந்தக் கட்டுப்பாடு வேரூன்றியிருக்கிறது. இரண்டு படிக்கட்டுகளை இணைக்க நடைவழி வேண்டும். ஒவ்வொரு படிக்கட்டும் விற்க முடியாத இடத்தை விழுங்குவதால், அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ள வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். எண்ணிக்கை கூட நடைவழி நீள்கிறது, அதற்கு அகலமான மனை வேண்டியிருக்கிறது. சிகாகோவின் 25 அடி மனையிலோ வான்கூவரின் 33 அடி மனையிலோ இரண்டு படிக்கட்டு வைத்தால் வீட்டுக்கு இடமே எஞ்சாது என்பதால் நான்கைந்து மனைகளை வாங்கி ஒன்றாக்கும் பெரிய நிறுவனங்கள் மட்டுமே களத்தில் நிற்கின்றன.

தீயில் உயிர்கள் போனதால் எழுதப்பட்ட விதி இது என்பதை மறந்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க்கின் நெருக்கமான மரப்படிக்கட்டு வாடகைக் கட்டடங்களில் நிகழ்ந்த மரணங்கள்தான் இரண்டாவது வழியைச் சட்டமாக்கின. 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்தபோது அந்த 24 மாடிக் கட்டடத்தில் ஒரே படிக்கட்டுதான் இருந்தது. தீ பரவியதற்கு முதன்மைக் காரணம் வெளிச்சுவரில் ஒட்டிய எரியக்கூடிய பூச்சுப்பலகை என்றாலும், அதன் பிறகு இங்கிலாந்து 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளுக்கு இரண்டாவது படிக்கட்டைக் கட்டாயமாக்க முடிவெடுத்தது. தீயணைப்பு வீரர்களின் சங்கங்கள் ஒற்றைப் படிக்கட்டை எதிர்ப்பதற்கு அவர்களுடைய அனுபவமே காரணம். அந்த எதிர்ப்பை மதித்தே பேச வேண்டும். மேலே ஏறும் வீரர்களும் கீழே இறங்கும் மக்களும் ஒரே குறுகிய படியில் மோதிக்கொள்வது கற்பனை ஆபத்து அல்ல.

ஆனால் இப்போது கேட்கப்படும் திருத்தம் 24 மாடிகளுக்கு அல்ல. ஆறு தளங்கள் வரைக்குமானது. அதுவும் தானியங்கி நீர்த்தெளிப்பான், தீத்தாங்கும் சுவர்கள், புகை புகாத படிக்கூண்டு, தளத்துக்குச் சில வீடுகள் மட்டும் என்ற நிபந்தனைகளோடு கேட்கப்படுகிறது. இது சோதித்துப் பார்க்கப்படாத எண்ணமும் அல்ல. சியாட்டில் 1970களிலிருந்தே ஆறு தளங்கள் வரை ஒற்றைப் படிக்கட்டை அனுமதித்து வருகிறது. நியூயார்க்கும் சிறிய தளப்பரப்புள்ள ஆறு மாடிக் கட்டடங்களுக்கு அனுமதிக்கிறது. 2025இல் பியூ அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு இந்த இரு நகரங்களின் தீ விபத்துப் பதிவுகளை அலசி, நவீன ஒற்றைப் படிக்கட்டுக் கட்டடங்களில் தீயால் இறக்கும் விகிதம் மற்ற குடியிருப்புகளைவிட அதிகமில்லை என்று கண்டது. நீண்ட நடைவழியில் புகை நிரம்புவதும் ஓர் ஆபத்துதான் என்பதையும், நான்கு வீடுகள் மட்டும் உள்ள தளத்தில் எந்தக் கதவிலிருந்தும் படி சில அடி தூரத்தில்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, இந்தத் திருத்தத்தை ஆதரிப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. வாஷிங்டன் மாநிலமும் கலிஃபோர்னியாவும் 2023இல் இதைப் பரிசீலிக்கச் சட்டம் இயற்றின. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2024 ஆகஸ்டில் தன் விதித்தொகுப்பையே திருத்தி ஆறு தளங்கள் வரை அனுமதித்துவிட்டது.

லிஃப்டைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். நான்கு நிறுத்தங்கள் உள்ள ஒரு சாதாரண லிஃப்ட் நியூயார்க்கில் சுமார் 1,58,000 டாலர் ஆகிறது. சுவிட்சர்லாந்தில் சுமார் 36,000 டாலர். உலகின் பெரும்பகுதி ஏற்றுக்கொண்ட தரவிதிகளை விட்டு வட அமெரிக்கா தனி விதிகளை வைத்திருப்பதும், பெரிய அளவு லிஃப்டைக் கட்டாயமாக்குவதும் இந்த இடைவெளிக்குக் காரணங்கள். தளத்துக்கு இரண்டே வீடுகள் உள்ள சிறு கட்டடத்துக்கு இந்தச் செலவு தாங்காது, அதனாலும் கட்டுநர் நடைவழிக்கே திரும்புகிறார்.

வடிவத்தை இவ்வளவு நேரம் பேசினாலும், வடிவம் மட்டுமே முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். கட்டடம் எழுவதற்கு முன்பே அதை வாங்குவது யார் என்பதும் அதே அளவு முக்கியமானது; டொரண்டோவில் இது அப்பட்டமாகத் தெரியும். அங்கே ஒரு கொண்டோத் திட்டத்துக்கு வங்கி கட்டுமானக் கடன் கொடுக்க வேண்டுமானால், வழக்கமாக சுமார் 70 விழுக்காடு வீடுகள் முன்கூட்டியே விற்றிருக்க வேண்டும். வரைபடத்தை மட்டும் பார்த்து, முன்பணம் கட்டி, நான்கைந்து ஆண்டுகள் காத்திருக்க யாரால் முடியும்? முதலீட்டாளரால் முடியும். வயிற்றில் குழந்தையோடு இருக்கும் தம்பதிக்கு அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகும் வயதில் சாவி கிடைப்பதால் பயன் இல்லை. முதலீட்டாளருக்கோ மொத்த விலை குறைவாகவும், சதுர அடிக்கு வாடகை அதிகமாகவும், எளிதில் கைமாறத்தக்கதாகவும் இருக்கும் சிறு வீடே ஏற்றது. 2020 நிலவரப்படி, டொரண்டோ அமைந்துள்ள ஒன்டாரியோ மாகாணத்தின் கொண்டோ வீடுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் முதலீடாகவே பயன்படுத்தப்பட்டன. வாங்குபவர் அங்கே வாழப்போவதில்லை என்னும்போது, குழந்தையின் தள்ளுவண்டியை வைக்க இடம் இருக்கிறதா, உணவு மேசை போட முடியுமா என்று கேட்க ஆள் இல்லாமல் போனது.

வட்டி விகிதம் 2022க்குப் பின் ஏறியதும் இந்த ஏற்பாடு சரிந்தது. டொரண்டோ வட்டாரத்தில் 2024இன் புதிய கொண்டோ விற்பனை சுமார் முப்பது ஆண்டுகளில் காணாத அளவுக்கு வீழ்ந்தது. சின்னஞ்சிறு வீடுகள் வாங்க ஆளின்றித் தேங்கின. அதே வேளையில் குடும்பங்கள் இடம் தேடி அலைந்தன. ஒரே நகரத்தில் ஒரே ஆண்டில் மிகுதியும் பஞ்சமும் சேர்ந்து நின்ற இந்த நிலையைக் கண்ட பிறகும், சந்தை கேட்டதைத்தான் கட்டினோம் என்று சொல்வது பொருந்தாது. கட்டப்பட்டது முன்பணச் சந்தை கேட்ட வீடு. குடியிருக்க வந்தவர்கள் கேட்ட வீடு அது இல்லை.

பொருளாதார நிபுணர்கள் சிலர் வைக்கும் மறுவாதம் ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. பழைய மூன்று படுக்கையறை வீடுகளில் இப்போது இருப்பவர்கள் பலர் குடும்பங்கள் அல்லர். வேலைக்குப் போகும் மூன்று இளைஞர்கள் சேர்ந்து எடுத்தால் மூன்று சம்பளம் வாடகைக்கு வருகிறது, ஒரு சம்பளமோ ஒன்றரைச் சம்பளமோ உள்ள குடும்பத்தால் அவர்களோடு போட்டியிட முடியாது. ஆகவே ஒற்றைப் படுக்கையறை வீடுகளை நிறையக் கட்டினால் அந்த இளைஞர்கள் அங்கே போவார்கள், பெரிய வீடுகள் விடுபடும் என்பது அவர்கள் கணக்கு. வீட்டு விற்பனை நிறுவனமான ரெட்ஃபின் 2024இல் வெளியிட்ட கணக்கெடுப்பு இதே தரப்புக்கு இன்னொரு சான்று: அமெரிக்காவில் மூன்றும் அதற்கு மேலும் படுக்கையறை உள்ள வீடுகளில் 28 விழுக்காடு, பிள்ளைகள் வெளியேறிவிட்ட முதிய தலைமுறையினரிடம் இருக்கிறது, பிள்ளைகளோடு வாழும் மில்லேனியல் தலைமுறையினரிடம் (1980களிலும் 90களின் முற்பகுதியிலும் பிறந்தவர்களிடம்) இருப்பது அதில் பாதி. இந்த வாதம் ஓரளவு உண்மை. சிறிய வீடுகளைக் கட்டுவதே தவறு என்று நானும் சொல்லவில்லை. ஆனால் தனியாக வாழும் அந்த முதியவர்கள் பெரிய வீட்டைவிட்டு இறங்கிவர 550 சதுர அடி ஸ்டூடியோ போதாது. பேரப்பிள்ளைகள் வந்து தங்க ஓர் அறையாவது உள்ள வசதியான மாடிவீடு, அதே வட்டாரத்தில், வேண்டும். அதுவும் கட்டப்படாத வகைதான்.

இதற்கெல்லாம் அடியில் இருக்கும் இன்னொரு காரணத்தைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. வட அமெரிக்க நகராட்சிகள் நெடுங்காலமாகக் குழந்தைகளை ஒரு செலவாகக் கணக்கிட்டு வந்திருக்கின்றன. அமெரிக்காவில் பள்ளிகளின் செலவில் கணிசமான பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. ஒற்றைப் படுக்கையறை மாடிவீடு வரி கொடுக்கும், மாணவரைக் கொடுக்காது. மூன்று படுக்கையறை வீடு இரண்டையும் கொடுக்கும். ஆகவே பல புறநகர்கள் அடுக்குமாடிகளில் படுக்கையறைகளின் எண்ணிக்கையையே விதியால் கட்டுப்படுத்தின. இதன் மிக வெளிப்படையான ஆவணம் நியூ ஜெர்சியின் மவுன்ட் லாரல் வழக்கில் இருக்கிறது. அந்த ஊராட்சி அனுமதித்த குடியிருப்புத் திட்டங்களில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் பள்ளி வயதுக் குழந்தையே இருக்கக் கூடாது, இரண்டு படுக்கையறை வீட்டில் இரண்டு பேருக்கு மேல் கூடாது, வீட்டுக்குச் சராசரியாக 0.3 மாணவருக்கு மேல் வந்தால் கூடுதல் மாணவர்களின் கல்விச் செலவைக் கட்டுநரே ஏற்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருந்தன. குடும்பத்தைத் தசமப் புள்ளியில் அளந்து வாசலிலேயே நிறுத்திய அந்த ஏற்பாட்டை எப்போது படித்தாலும் எனக்கு மனம் கசக்கிறது. மாநில உச்ச நீதிமன்றம் 1975இல் அந்த ஊராட்சிக்கு எதிராகத் தீர்ப்பளித்து, குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு இடம் தரும் பொறுப்பு ஒவ்வொரு வளரும் ஊராட்சிக்கும் உண்டு என்றது.

வீட்டுரிமையாளர்களும் இதே மனநிலையில் இருந்தார்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்று பலகை மாட்டிய அடுக்குமாடிகள் சட்டப்படியே இயங்கின. ஒன்டாரியோ 1986இல் தன் மனித உரிமைச் சட்டத்தைத் திருத்தி அதற்கு முடிவு கட்டியது. அமெரிக்கா 1988இல் நியாயமான வீட்டுரிமைச் சட்டத் திருத்தத்தின் மூலம் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 19 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லும் உரிமை கொண்டோச் சங்கங்களுக்கு 2022 நவம்பர் வரைகூட இருந்தது. ஆக, குழந்தைகள் இல்லாத மாடிவீடு என்பது இங்கே இயற்கையாக வளர்ந்த பழக்கமன்று. தலைமுறைக் கணக்கில் விதிகளால் வளர்க்கப்பட்டது.

அந்த மனநிலை இன்னும் கட்டணப் பட்டியல்களில் ஒளிந்திருக்கிறது. டொரண்டோ 2024இல் ஒரு புதிய மாடிவீட்டுக்கு வாங்கிய வளர்ச்சிக் கட்டணம், ஒற்றைப் படுக்கையறைக்குச் சுமார் 52,000 டாலர். இரண்டும் அதற்கு மேலும் என்றால் சுமார் 80,000 டாலர். பெரிய வீட்டில் ஆட்கள் அதிகம், அவர்களுக்கான குழாயும் பூங்காவும் அதிகம் என்பது நகராட்சியின் நியாயம். ஆனால் பெரிய வீட்டைக் கட்டுங்கள் என்று ஒரு கையால் வேண்டிக்கொண்டு மறு கையால் அதற்கே கூடுதல் கட்டணம் வாங்குவது முரண்பாடுதான். ஒன்டாரியோ அரசு 2022இன் சட்டத்தில் வாடகைக்காகவே கட்டப்படும் கட்டடங்களுக்கு இந்தக் கட்டணத்தைக் குறைத்தபோது, மூன்று படுக்கையறை வீட்டுக்கு 25 விழுக்காடு, இரண்டுக்கு 20, மற்றவற்றுக்கு 15 எனப் படியமைத்தது, திசை சரியானது. மாசசூசெட்ஸ் 2021இல் பாஸ்டன் போக்குவரத்து வலையமைப்பைச் சேர்ந்த 177 ஊர்களும் அடுக்குமாடிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும், அவை பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும், குடியிருப்போருக்கு வயது வரம்பு வைக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியது.

நகரங்கள் நேரடியாகக் கட்டளையிட்டும் பார்த்திருக்கின்றன. வான்கூவர் 2016 முதல், மறுமண்டலம் (மனையின் பயன்பாட்டு விதியை மாற்றும் அனுமதி) கோரும் கொண்டோத் திட்டங்களில் 25 விழுக்காடு இரண்டு படுக்கையறை, 10 விழுக்காடு மூன்று படுக்கையறை வீடுகள் வேண்டும் என்கிறது. டொரண்டோவின் 2020 வழிகாட்டுதல் 15 விழுக்காடு இரண்டு படுக்கையறையும் 10 விழுக்காடு மூன்று படுக்கையறையும் கேட்கிறது. மூன்று படுக்கையறை வீடு 100 சதுர மீட்டராவது இருப்பது நல்லது என்றும் சொல்கிறது. மான்ட்ரியால் 2021இல் குடும்ப வீட்டையும், குறைந்த வருமானத்தினருக்கான சமூக வீட்டையும் ஒரே ஒழுங்குவிதியில் சேர்த்தது; ஆனால் கட்டுநர்களில் மிகப் பலர் வீட்டைக் கட்டாமல் அதற்கு ஈடான தொகையைச் செலுத்திவிட்டு நகர்ந்தார்கள்.

வான்கூவரின் விதியால் பலன் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; அது இல்லாவிட்டால் சில கட்டடங்களில் ஒரு குடும்ப வீடுகூட இருந்திருக்காது. ஆனால் வடிவத்தையும் கடன் முறையையும் தொடாமல் எண்ணிக்கையை மட்டும் கட்டளையிட்டால் என்ன நடக்கும் என்பதை டொரண்டோவின் வரைபடங்களில் பார்க்கலாம். பரப்பு பற்றிய பரிந்துரை கட்டாயமில்லை என்பதால், மூன்று படுக்கையறை என்ற பெயரில் 100 சதுர மீட்டரைவிடச் சிறிய வீடுகள் வருகின்றன. அவற்றில் ஓர் அறைக்கு வெளிச்சுவரே இருக்காது. கண்ணாடிச் சறுக்குக் கதவு வழியாகக் கூடத்திலிருந்து வெளிச்சத்தைக் கடன் வாங்கிக்கொள்ளும். கட்டில் போட்டால் அலமாரி திறக்காது. விதி நிறைவேறிவிட்டது, குடும்பம் மட்டும் அங்கே வாழ முடியாது. எண்ணிக்கை விதியோடு குறைந்தபட்சப் பரப்பும், ஒவ்வொரு படுக்கையறைக்கும் வெளிச்சன்னலும், அதைச் சாத்தியமாக்கும் படிக்கட்டுத் திருத்தமும் சேர்ந்து வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூடவே, அமைதியான உட்தெருக்களில் ஐந்தாறு மாடிகள் கட்ட அனுமதி வேண்டும். இன்று பெரும்பாலான நகரங்கள் அடுக்குமாடிகளை லாரிகள் ஓடும் பெருஞ்சாலை ஓரங்களில் மட்டுமே அனுமதிக்கின்றன; பிள்ளைகளை வளர்க்க அதைவிடப் பொருத்தமற்ற இடம் இருக்க முடியாது.

கேட்டவர்களின் சொந்த நிலைமைக்கு வருகிறேன். கனடாவின் தேசியக் குடியிருப்பு அளவுகோல், வீட்டு வசதியைக் கணக்கிடுவதற்காக 1980களில் வகுக்கப்பட்டது. தம்பதிக்கு ஓர் அறை, 18 வயதைக் கடந்த தனியாளுக்கு ஓர் அறை, ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாக இருந்தால் தனித்தனி அறைகள் என்பது அதன் கணக்கு. உங்கள் பிள்ளைகள் ஒரு மகனும் ஒரு மகளுமாக, ஐந்து வயதைத் தாண்டியவர்களாக இருந்தால், தாயாரையும் சேர்த்து உங்கள் குடும்பத்துக்கு அதன்படி நான்கு படுக்கையறைகள் வேண்டும். புதிய அடுக்குமாடிகளில் அது ஏறத்தாழ இல்லவே இல்லை. இந்த அளவுகோல் புள்ளிவிவரத்துக்கானது. சில வீட்டுரிமையாளர்கள் அதைக் காட்டி, உங்கள் குடும்பம் இந்த வீட்டுக்குப் பெரிது என்று மறுப்பதுண்டு. பிள்ளைகள் இருப்பதற்காக வாடகைதாரரை மறுப்பது ஒன்டாரியோவில் சட்டத்துக்குப் புறம்பானது என்பதை அறிந்து வைத்திருங்கள்.

தேடலைப் புதிய கொண்டோக்களில் தொடங்காமல் 1960களிலும் 70களிலும் கட்டப்பட்ட வாடகைக் கோபுரங்களில் தொடங்குங்கள். லிஃப்டும் குழாய்களும் பழையனவாக இருக்கும். அறைகள் பெரியவை, எல்லாப் படுக்கையறைகளுக்கும் சன்னல் இருக்கும், பால்கனியும் பெரும்பாலும் உண்டு. 2018 நவம்பர் 15க்கு முன்பே மக்கள் குடியேறிய வீடு என்றால், நீங்கள் குடியிருக்கும் காலத்தில் வாடகையை ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு மாநில அரசின் வரம்பு பொருந்தும். அதற்குப் பின் வந்த வீடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. புதிய கட்டடத்தைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், மூலை வீட்டை மட்டும் பாருங்கள். விளம்பரத்தின் படுக்கையறை எண்ணிக்கையை விட்டுவிட்டு, வரைபடத்தில் எத்தனை அறைகள் வெளிச்சுவரைத் தொடுகின்றன என்று எண்ணுங்கள். அத்துடன், கையெழுத்திடும் முன் பள்ளிக் கல்விச் சபையிடம் அந்த முகவரியைக் கொடுத்து எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். புதிய மாடிகள் எழும் பகுதிகளில், இங்கு குடிவரும் மாணவர்களுக்கு அருகிலுள்ள பள்ளியில் இடம் கிடைக்காமல் போகலாம் என்று டொரண்டோ கல்விச் சபை கட்டுமான மனைகளிலேயே அறிவிப்புப் பலகை வைக்கச் செய்கிறது. சாலையின் மறுபக்கம் பள்ளி தெரிகிறது என்பதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.